மரப்பாச்சிக்குப் பக்கத்தில் ஒரு மைன்கிராஃப்ட் பொம்மை

புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்கிவிடும். கொடைக்கானலில் அந்த மாதம் பாதி நாள் மழையும் மீதி நாள் மூடுபனியுமாகக் கழிவதால், மண் பொம்மைகளில் ஈரம் ஏறியிருக்கிறதா, வண்ணம் உப்பியிருக்கிறதா என்று அம்மா ஒவ்வொன்றாகத் துணியைப் பிரித்துப் பார்ப்பார். சென்ற ஆண்டு அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பதினோரு வயதாகும் அக்கா மகள் என் அருகில் வந்து நின்றாள். "மாமா, இந்த வருஷம் பார்க்ல என் கேரக்டரையும் நிக்க வைக்கணும். உங்க பிரிண்டர்ல அடிச்சுத் தாங்க" என்றாள். கொலுப்படிகளுக்கு முன்னால் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, சிறிய குளமும் மரங்களும் வைத்துப் பூங்கா அமைப்பது ஒவ்வோர் ஆண்டும் அவள் பொறுப்பு. அவள் சொன்ன கேரக்டர், மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் அவளே உருவாக்கியது.

நாயுடுபுரத்தில் நான் நடத்தும் கணினி பழுதுபார்க்கும் கடையில், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக உருவம் செய்யும் ஒரு 3டி பிரிண்டர் இருக்கிறது. உடைந்த மடிக்கணினிக் கீல், தொலைந்த குமிழ், கேமராத் தாங்கி போன்றவற்றைச் செய்துகொடுக்க வாங்கியது. பிறகு நுணுக்கமான வேலைக்காக, ஒளி பட்டால் உறையும் ரெசின் என்ற திரவத்தில் அச்சிடும் சிறு இயந்திரம் ஒன்றும் சேர்ந்தது. ஆனாலும் திரையில் உலவும் ஓர் உருவத்தைக் கையில் எடுக்கும் பொம்மையாக மாற்றியதில்லை. அந்த நவராத்திரிக்கு அப்படி இரண்டு உருவங்களைச் செய்தேன். கற்றுக்கொண்டவை என் நினைவில் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

மைன்கிராஃப்ட் உலகில் மண், மரம், மேகம், மனிதர் எல்லாமே கட்டங்களால் ஆனவை. 2011இல் முழு வடிவில் வெளிவந்த அந்த விளையாட்டில், தன் பாத்திரத்தின் முகத்தையும் உடையையும் விளையாடுபவரே வரைந்துகொள்ளலாம். அதற்கு ‘ஸ்கின்’ என்று பெயர். 64க்கு 64 பிக்சல் அளவுள்ள ஒரே ஒரு சிறு படம் அது. இனிப்புக் கடை அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படி, தலையின் ஆறு பக்கங்களும் உடலின், கைகால்களின் பக்கங்களும் அதில் தனித்தனியே விரிந்து கிடக்கும். அந்தப் படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் அவள் தன் தாத்தாவை வரைந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. பழுப்பு நிற மங்கி குல்லா, கழுத்துவரை ஏறிய மெரூன் ஸ்வெட்டர், வேட்டிக்காக முழுக்க வெள்ளையடித்த கால்கள். அதிகாலையில் பால் வாங்கப் புறப்படும் என் அப்பாவேதான்.

மைன்கிராஃப்ட் மனிதரின் உயரம் 32 பிக்சல். தலை 8 பிக்சல் பக்கமுள்ள கனசதுரம். உடல் 8 அகலம், 12 உயரம், 4 தடிமன். கையும் காலும் 4 அகலம், 12 உயரம், 4 தடிமன். ஒரு பிக்சலுக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். பொம்மையின் உயரம் 96 மி.மீ. ஆகும், தலை 24 மி.மீ. கனசதுரமாகும், முழு உருவத்தையும் திண்மமாக அடைத்தால் ஏறத்தாழ 45 கன செ.மீ. பொருள் பிடிக்கும். பூங்காவில் அவள் வைக்கும் பிளாஸ்டிக் மான்களுக்கும் தென்னைமரத்துக்கும் இந்த உயரம் பொருந்துகிறது என்பதை அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே முடிவுசெய்தேன்.

இவ்வளவு நேரான கணக்கிலும் குல்லா மட்டும் இடறியது. தொப்பி, குல்லா, தலைக்கவசம் போன்றவற்றுக்காக ஸ்கினில் இரண்டாவது அடுக்கு ஒன்று உண்டு. அது தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரைப் பிக்சல் தள்ளி மிதக்கும். திரையில் பார்க்க அழகாக இருக்கும் அந்த அடுக்குக்குத் தடிமன் என்பதே கிடையாது. தடிமன் இல்லாத ஒன்றை அச்சிட இயலாது. தலையைத் தொடாமல் காற்றில் நிற்கும் ஒன்றையும் அச்சிட இயலாது. ஆகவே முப்பரிமாண உருவங்களைச் செதுக்க உதவும் பிளெண்டர் மென்பொருளில் அந்த இடைவெளியை நிரப்பி, குல்லாவை 1.5 மி.மீ. தடித்த சுவராக்கித் தலையோடு ஒட்டவைத்து, முகம் தெரியும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டேன். அதனால் முகம் குல்லாவுக்குள் 1.5 மி.மீ. உள்வாங்கி அமைந்தது. பனி நாளில் அப்பாவின் முகம் அப்படித்தான் உள்ளே ஒடுங்கியிருக்கும். விளையாட்டின் ஒரு வசதிக்காக மிதக்கவிடப்பட்ட அடுக்கு, திண்மமானவுடன் உண்மையான குல்லாவாகிவிட்டதைப் பார்த்து மனம் நிறைந்தது.

தலை, உடல், இரண்டு கைகள், ஒட்டிய கால்கள் என்று பகுதி பகுதியாகவே அச்சிட்டேன். கை சுழல வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். தோளில் 5 மி.மீ. முளை, அதற்கு 5.1 மி.மீ. துளை என்று முதலில் வைத்தேன். இறுகிப்போய், திருப்பியவுடன் முளை முறிந்தது. துளையை 5.3 மி.மீ. ஆக்கியபோது கை இலகுவாகச் சுழன்றதோடு, நிறுத்திய இடத்திலும் நின்றது. அச்சிட்ட பொருள் பிஎல்ஏ, அதாவது மக்காச்சோளம் முதலியவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊரில் புரட்டாசி மாதம் உறையைப் பிரித்து வைத்த இழை ஒரு வாரத்துக்குள் ஈரமேறி, சூடான முனையில் பட் பட்டென்று வெடித்து, சிலந்திநூல் போன்ற இழைகளைப் பொம்மை மீது விட்டுவிடும். 45 டிகிரி வெப்பத்தில் ஆறு மணி நேரம் உலர்த்தி, மூடி இறுகிய அரிசி டிரம்மில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருப்பதுதான் நான் கண்ட வழி.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே கோயம்புத்தூரில் வேலைபார்க்கும் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, அவளுக்கு மட்டும்தானா? எனக்கும் ஒண்ணு" என்றான். கல்லூரிக் காலம் தொட்டு அவன் விளையாடிவரும் இணைய விளையாட்டொன்றில் அவனுக்கென ஒரு வீரன் இருக்கிறான்; நீண்ட அங்கி, தோளிலிருந்து விரியும் போர்வை, முன்னால் நீட்டிய வாள். விளையாட்டின் கோப்புகளைக் கிண்டி உருவத்தை வெளியே எடுப்பதை அந்நிறுவனத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று அவன் எடுத்தனுப்பிய மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்து நானே பிளெண்டரில் செதுக்கத் தொடங்கினேன்.

விளையாட்டு உருவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. அவை தோல் மட்டுமே. உள்ளே ஒன்றுமில்லை. கணினி ஒவ்வொரு நொடியும் பல முறை அவற்றை வரைய வேண்டியிருப்பதால், கண்ணுக்குத் தெரியாத எதையும் உருவாக்குபவர்கள் செய்வதில்லை. போர்வை ஒரு தாள். முடிக்கற்றைகள் பல தாள்கள். அங்கியின் உள்ளே கால் முட்டிக்கு மேல் எதுவும் இல்லாமலேயே இருக்கலாம். கவசத்தின் செதுக்கு வேலை, தோலின் சுருக்கம், துணியின் நெசவு ஆகியவை பெரும்பாலும் உண்மையான மேடுபள்ளங்களே அல்ல. ‘நார்மல் மேப்’ எனப்படும் ஒரு படம், இந்த இடத்தில் ஒளி இப்படித் திரும்பட்டும் என்று கணினிக்குச் சொல்லி, தட்டையான பரப்பை மேடுபோல் காட்டுகிறது. அச்சிட்டால் அத்தனையும் மறைந்து, வழவழவென்று ஒரு பொம்மை வந்து நிற்கும். ஆகவே பொம்மையாக்க விரும்புபவர் அந்த ஒவ்வொரு பள்ளத்தையும் தன் கையால் மறுபடி தோண்டியாக வேண்டும். அதுவும் உள்ளதைவிட ஆழமாக. விரல் நீளப் பொம்மையில் மெல்லிய கோடு வண்ணப் பூச்சிலேயே மூழ்கிவிடும்.

அளவைக் குறைப்பதும் எளிய செயலன்று. 1.8 மீட்டர் உயரமுள்ள வீரனை 120 மி.மீ. ஆக்கினால் எல்லாமே பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. 5 மி.மீ. தடித்த வாள் 0.33 மி.மீ. ஆகிவிடும், அது காகிதத்தைப் போல வளையும். வாளின் தடிமனை 1.2 மி.மீ. ஆக்கினேன். உண்மை அளவில் அது 18 மி.மீ. தடித்த வாளாகும், எந்த வீரனாலும் எளிதாக வீச முடியாதது. ஆனால் பொம்மையில் அதைப் பார்க்கும் கண்ணுக்கு அது கூரிய வாளாகவே தெரிகிறது. மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் அளவில் பொய் சொல்லத்தான் வேண்டும் என்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இனி அச்சிட்ட கதை. ரெசின் பிரிண்டரில் ஒரு தொட்டி, அதன் அடியில் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம், அதற்குக் கீழே ஓர் எல்சிடி திரை. 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி அந்தத் திரை வழியாக வந்து, 0.05 மி.மீ. கனத்தில் ஒவ்வோர் அடுக்காக ரெசினை உறையச் செய்கிறது. உறைந்த அடுக்கு படலத்திலிருந்து பிரிந்து மேலே எழ, புதிய ரெசின் அந்த இடத்தில் ஓடிவந்து நிரம்ப வேண்டும். 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இது ஒழுங்காக நடக்கும். அன்று என் கடையில் 13 டிகிரி. ரெசின் தேனைப்போல் கெட்டிப்பட்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. நான்கு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், மேல்தட்டில், உருவத்தைப் பிடித்திருக்க வேண்டிய தாங்குகால்கள் மட்டும் தொங்கின. வீரன் தொட்டியின் அடியில் படலத்தோடு ஒட்டிக் கிடந்தான். இரண்டாம் முறை புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கி, அறையில் ஹீட்டர் போட்டு 24 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் மணி நேரத்தில் மழைக்காற்றில் மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்து கரண்ட் போனது. மின்சாரம் திரும்பியபின் வேலை தொடர்ந்தாலும், வீரனின் மார்பைச் சுற்றி வெட்டுக்காயம் போல ஒரு கோடு விழுந்திருந்தது. யூபிஎஸ் வைத்து அச்சிட்ட மூன்றாவது உருவம் குறையில்லாமல் வந்தது. தாங்குகால்களைக் கிள்ளி எடுக்கும்போது இரண்டு கணுக்கால்களும் ஒடிந்தன.

ஒடிந்த காலோடு வீட்டுக்குப் போனபோது அம்மா மரப்பாச்சி ஜோடிக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய உடம்புக்கு இந்தக் கால் எப்படிடா தாங்கும்?" என்று கேட்டார். நான் மரப்பாச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு அவர் தாயார் கொடுத்தது, செஞ்சந்தன மரம். கால்கள் இரண்டும் ஒட்டிய ஒரே கட்டை, நடுவில் ஒரு கோடு மட்டும் கால்களைப் பிரித்துக் காட்டுகிறது. கைகள் உடம்போடு ஒட்டியிருக்கின்றன. மூன்று தலைமுறைக் குழந்தைகள் கீழே போட்டும் ஓர் இடத்திலும் முறியவில்லை. பிறகு விளாச்சேரியில் வாங்கிய மண் பொம்மைகளையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். குழலூதும் கண்ணனுக்குப் பின்னால் ஒரு பசு நின்று அவன் சாய்வைத் தாங்குகிறது. அம்மனின் உயர்த்திய கைகள் பின்னாலுள்ள திருவாசியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அழகுக்காக வைத்தவை என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்த மாடு, மரம், கொடி, திருவாசி அத்தனையும் எடையைத் தரைக்குக் கொண்டுபோகும் வழிகளாகவும் இருக்கின்றன. திரையிலுள்ள வீரனுக்கு எடை கிடையாது. ஆகவே அவனைப் படைத்தவருக்கு இந்தக் கவலை வந்திருக்கத் தேவையில்லை. எனக்கு வந்தாக வேண்டும்.

அன்றிரவே உருவத்தை மாற்றினேன். அங்கியைப் பின்புறம் தரைவரை இறக்கி, அடிப்பீடத்தோடு சேர்த்தேன். போர்வையின் ஒரு முனை காற்றில் பறக்காமல் பாறையொன்றில் படிந்தது. நீட்டிய வாளின் நுனி முன்னாலிருந்த கற்குவியலைத் தொட்டது. கோக்கர்ஸ் வாக் பாதையின் ஓரத்திலுள்ள பாறைகளைப் பார்த்துத்தான் அந்தக் கல்லைச் செதுக்கினேன். உள்ளே 2 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்து, பீடத்தின் அடியில் இரண்டு துளைகள் வைத்தேன்; துளை இல்லையென்றால் உள்ளே சிக்கிய ரெசின் வெளியேற வழியில்லாமல் நாளடைவில் பொம்மையை வெடிக்கச் செய்யும். நான்காவது உருவம் நின்றது.

ரெசினைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறையாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். நீரில் கலந்தால் நீர்வாழ் உயிர்களைக் கொல்லும். இந்த ஊரில் ஏரியின் மிகுநீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. சோலைகளில் ஊறும் நீர் ஓடைகளாகி மலைக்குக் கீழே உள்ளவர்களின் வயலுக்கும் குடத்துக்கும் போகிறது. 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் பாதரசம் இந்த மண்ணிலும் பாம்பாறு சோலையிலும் என்ன விட்டுச் சென்றது என்பதை இங்குள்ள எல்லோரும் அறிவோம். எனவே நைட்ரைல் கையுறை இல்லாமல் புட்டியைத் தொடுவதில்லை. உருவத்தைக் கழுவிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கண்ணாடி ஜாடியில் மூடி வெயிலில் வைத்தால், கரைந்த ரெசின் உறைந்து அடியில் தங்கும். தெளிந்ததை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். வெயிலே வராத வாரங்களில் ரெசினை உறையச் செய்யும் புறஊதா விளக்கின் முன் ஜாடியை வைக்கிறேன். ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போவதில்லை. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், ஹீட்டர் எரியும் அறையில் கழுவும் வேலையைச் செய்யவே கூடாது.

வண்ணம் பூசும் வேலையை அக்கா மகளும் நானும் சேர்ந்து செய்தோம். விளையாட்டுப் பாத்திரங்களைப் பொம்மையாக்கி விற்பது ஒன்றும் புதிதல்ல. 2007இல் ஃபிகர்பிரின்ட்ஸ் என்ற நிறுவனம் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டக்காரர்களுக்கு அவரவர் பாத்திரங்களை அச்சிட்டுத் தரத் தொடங்கியது. அவர்கள் பயன்படுத்தியது ஜிப்சம் தூள்; அடுக்கடுக்காகத் தூளைப் பரப்பி, வண்ணம் கலந்த பசையைத் தெளித்து ஒட்டவைக்கும் முறை. இதைச் சொன்னபோது அம்மா, "அப்போ அதுவும் நம்ம கொலு பொம்மை மாதிரி மாவு பொம்மைதானா?" என்றார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகளும் ஜிப்சத்திலிருந்து வருபவைதாம் என்பதால் அம்மா சொன்னது முழுக்கச் சரி. அந்த இயந்திரங்கள் உருவத்தையும் வண்ணத்தையும் ஒரே நேரத்தில் தந்துவிடும். நம் கையிலிருப்பது ஒரே நிறம் தருவது. தூரிகையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வெள்ளை பிரைமர். அதன்மேல் அக்ரிலிக். 3 மி.மீ. கட்டங்கள் நேராக வர, மாஸ்கிங் டேப்பைக் கீற்றாக வெட்டி ஒட்டி ஒட்டித் தீட்டினோம். ஸ்வெட்டருக்கு அடர்மெரூனும் இளமெரூனும் மாறிமாறி வர வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். திரையிலுள்ள ஸ்கினைப் பக்கத்தில் திறந்துவைத்து, ஒவ்வொரு வரிசையையும் விரல்விட்டு எண்ணினாள். மார்பில் மட்டும் 96 கட்டங்கள். அதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. கண்ணை முதலில் தீட்டப் போனவளை அம்மா தடுத்து, கண் எப்போதும் கடைசியில்தான் என்றார். ஒரு கண்ணுக்கு இரண்டே கட்டங்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுப்பை அவள் வைத்த கணத்தில், அதுவரை அடுக்கிய பெட்டிகளாக இருந்தது அப்பாவாகிப் பார்த்தது.

பொம்மையைப் பார்த்த கடைக்காரர் ஒருவர், பிரபலமான கணினி விளையாட்டுப் பாத்திரங்களையெல்லாம் இப்படிச் செய்துகொடுத்தால் சீசனில் ஏரிக்கரையில் விற்றுத் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். அக்கா மகளின் ஸ்கின் அவள் வரைந்தது. தம்பியின் வீரனோ, அவன் எத்தனை ஆண்டு விளையாடியிருந்தாலும், யாரோ ஓவியர்கள் இரவு பகலாக உழைத்து உருவாக்கிய உடையை அணிந்தவன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. கடைபோட்டு விற்பது வேறு. யாராவது தாமே வரைந்த உருவத்தைக் கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு செய்துதருவேன்.

தம்பி நவராத்திரியின் ஆறாம் நாள் வந்து, வீரனை விளக்கருகே கொண்டுபோய் வைத்து வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவன் முதுகை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன் என்றான். அப்பா பூங்காவின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, முளைத்த கேழ்வரகுக்கு நடுவே நின்ற தன் 96 மி.மீ. உருவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, பால் தூக்கு எங்கே என்று கேட்டார். மறுநாள் மாலைக்குள் 9 மி.மீ. உயரத்தில் ஒரு தூக்குவாளி அச்சாகி அந்தக் கையில் தொங்கியது.

விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்கவைக்கும்போது அவள் தன் பொம்மையையும் பக்கத்தில் படுக்கவைத்தாள். அடுத்த நாள் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். மூடியின் உட்புறத்தில் அம்மா பல ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. மரப்பாச்சி ஜோடி 1, செட்டியார் 1, செட்டிச்சி 1, குழல் கண்ணன் 1 என்று நீளும் அந்தப் பட்டியலின் அடியில் அவள் நீல மையில் ‘தாத்தா 1, தூக்கு 1’ என்று எழுதினாள்.